வாசல் நிறையச் செருப்பு

அண்ணன்: ...அதைக் கொஞ்சம் தள்ளி வை. வரிசையா இருந்தா நம்ம கடை மாதிரியே தெரியுது. பிள்ளைங்க அவசரத்துல கழட்டி விட்டுட்டு ஓடுன மாதிரி இருக்கணும்.

டீச்சர்: அண்ணே... இது ரெண்டும் இடது கால்.

அண்ணன்: எது?

டீச்சர்: இந்தப் பழுப்புச் செருப்பும், அந்தக் கறுப்பும். ரெண்டுக்குமே ஜோடி இல்ல.

அண்ணன்: அதுக்கு நான் என்ன பண்றது? வார் அறுந்தது ஒரு கால்தான்னா ஒத்தச் செருப்பைத்தான் கடையில குடுத்துட்டுப் போறாங்க. இன்னொண்ணையும் குடுங்க, என் தங்கச்சி வாசல்ல அழகுக்கு வெக்கணும்னா கேக்க முடியும்?

டீச்சர்: நல்லாருக்கு. பிள்ளைங்களை ஒத்தக் கால்ல நிக்க வெச்சுப் பாடம் நடத்துறேன்னு நினைச்சுக்குவாங்க.

அண்ணன்: நினைக்கட்டுமே. கண்டிப்பான டீச்சர்னு பேரு வரும்.

டீச்சர்: இதைப் பாரு. இவ்வளவு பெரிய கால் எந்தப் பிள்ளைக்கு இருக்கும்?

அண்ணன்: ஃபெயிலாகி ஃபெயிலாகி வளந்த பிள்ளைனு வெச்சுக்கோ.

டீச்சர்: அண்ணே!

அண்ணன்: சரி சரி, அதை எடுத்துடறேன். இந்தா, இது சின்னது. இன்னிக்குக் காலையில வந்தது. ஸ்கூல் ஷூ, அளவெடுத்த மாதிரி இருக்கு. முன்னாடி வை, பளிச்சுனு தெரியட்டும்.

டீச்சர்: எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கலண்ணே. ஊரான் செருப்பை வெச்சுக் கூட்டம் காட்டுறது... வெறுங்கையால முழம் போடற வேலை.

அண்ணன்: போர்டு மாட்டுனப்ப யாராவது எட்டிப் பாத்தாங்களா? 'கணக்கு சொல்லித்தரப்படும்'னு எவ்வளவு அழகா எழுதிக் குடுத்தேன். ஒரு ஈ காக்கா வரல. ஆளில்லாத ஓட்டல்ல எவனாவது நுழைவானா? கூட்டத்தைப் பாத்துதான் கூட்டம் வரும்.

டீச்சர்: செருப்பு வெச்சப்புறம் மட்டும் வந்துடுச்சா?

அண்ணன்: வரும்... வரும்.

டீச்சர்: திங்கக்கிழமை வந்துடும். அது நிச்சயம் வரும். கிடங்குல பெட்டி கட்டுற வேலைக்கு வரேன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை வந்தாக்கூட, வரலைனு சொல்லிடுவேன். இல்லைனா காலையில போனா ராத்திரிதான். அப்புறம் எங்க பாடம் நடத்துறது... அந்த போர்டை நீயே கழட்டிடு.

அண்ணன்: வாயைக் கழுவு.

டீச்சர்: நிஜமாத்தான் சொல்றேன். எவ்வளவு நாள்தான் உன் தலையில உக்காந்திருக்கறது?

அண்ணன்: யாரு சொன்னா நீ தலையில உக்காந்திருக்கேன்னு? உங்க அண்ணி ஏதாவது சொன்னாளா?

டீச்சர்: ஐயோ, அண்ணி தங்கம். அண்ணியை இதுல இழுக்காத. ஸ்கூலை மூடிட்டாங்கனு நான் பெட்டியைத் தூக்கிட்டு வந்து நின்னப்ப, ஏன், எதுக்குனு நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேக்கல. மறுநாளே தையல் மெஷினைக் கீழ இறக்கிட்டு, இந்த முன்னறையை எனக்குனு ஒழிச்சுக் குடுத்தே. நீ குனிஞ்சு குனிஞ்சு அந்தச் சின்னக் கடைக்குள்ள நுழையறதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு...

அண்ணன்: ஏய், ஏய், அழாத. செருப்பு நனைஞ்சா பசை ஒட்டாது.

டீச்சர்: போண்ணே.

அண்ணன்: நான் குனிஞ்சா என்ன இப்போ? செருப்பு தைக்கிறவன் நிமிந்து நின்னா தைக்க முடியும்? நீ... இரு, இரு. பேசாத. படியில சத்தம்.

டீச்சர்: நம்ம படியா?

அண்ணன்: பின்ன பக்கத்து வீட்டுப் படியா? யாரோ ஏறி வர்றாங்க. உள்ள போ, உள்ள போ!

டீச்சர்: நீ கீழ போண்ணே!

அண்ணன்: எப்படிப் போறது? எதிர்லயே வர்றாங்க. நானும் உள்ள வந்துடறேன். கதவைச் சாத்து... ம், சத்தமா பாடம் நடத்து!

டீச்சர்: யாருக்கு?

அண்ணன்: எனக்குத்தான். ஆரம்பி!

டீச்சர்: எல்லாரும்... எல்லாரும் நோட்டை எடுங்க. பின்னாடி யாரு பேசறது? சொல்லுங்க பாக்கலாம். முக்கால்ல பாதி எவ்வளவு?

அண்ணன்: அரை, டீச்சர்!

டீச்சர்: தப்பு. ...ஏண்ணே, நிஜமாவே தெரியாதா?

அண்ணன்: எனக்குச் சொல்லிக் குடுத்தவர் சரியில்ல. மணி அடிக்கிறாங்க, போ, போய்த் தொற! முழுசா தொறக்காத!

டீச்சர்: வ... வாங்கம்மா. யாரைப் பாக்கணும்?

டிரைவரம்மா: உங்களைத்தான் டீச்சர். மன்னிச்சுக்கோங்க, பாடத்துக்கு நடுவுல மணியடிச்சிட்டேன். யூனிஃபார்மைப் பாத்துப் பயந்துடாதீங்க, பஸ் ஓட்டறவ நான். டூட்டி முடிஞ்சு உடுப்பு கூட மாத்தாம வர்றேன்.

டீச்சர்: பரவால்லம்மா. உள்ள... கொஞ்சம் கூட்டம். அதான் கதவைப் பாதி...

டிரைவரம்மா: தெரியுதே. வாசல்ல கால் வெக்க இடமில்ல. எல்லாம் உங்ககிட்டப் படிக்கிற பிள்ளைங்களா?

டீச்சர்: ம்...

டிரைவரம்மா: என் பொண்ணு எங்க உக்காந்திருக்கா? முன்னாடியா, பின்னாடியா?

டீச்சர்: உங்க... பொண்ணா?

டிரைவரம்மா: இதோ, ஷூ கிடக்குதே. ஒண்ணுல நீல நாடா, இன்னொண்ணுல வெள்ளை நாடா. ஒண்ணு தொலைஞ்சு போச்சுனு நான்தான் மாத்திக் கோத்து விட்டேன். ஊர்ல வேற எந்தப் பிள்ளை இப்படிப் போட்டுட்டுத் திரியும்? எனக்கு என்ன சொல்றதுனே தெரியல டீச்சர். டியூஷன் பேரை எடுத்தாலே சாப்பிடாமப் படுத்துக்குவா. கெஞ்சியாச்சு, திட்டியாச்சு, அவ அப்பா கூட காலைப் பிடிக்காத குறையா கேட்டுப் பாத்தாச்சு. இப்ப பாருங்க... அவளாவே படியேறி வந்து உங்ககிட்ட உக்காந்திருக்கா.

டீச்சர்: அம்மா, அது வந்து...

டிரைவரம்மா: கூப்பிடாதீங்க, படிக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வாயைத் தொறக்கறாளா?

டீச்சர்: எ... என்னம்மா?

டிரைவரம்மா: கேள்வி கேட்டா பதில் சொல்றாளா? வீட்ல வாய் ஓயாது. நாலு பேரு இருக்கற எடத்துல ஒரு வார்த்தை வராது அவளுக்கு. இங்க பேசறாளா?

அண்ணன்: டீச்சர்! கணக்கு முடிச்சிட்டோம்!

டிரைவரம்மா: அது யாரு? குரல் உடையற வயசோ?

டீச்சர்: சளி... சளி பிடிச்ச பிள்ளை. ஒரு நிமிஷம்மா. இவங்களுக்கு ஒரு கணக்கு போட்டுக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்.

டிரைவரம்மா: மெதுவா வாங்க. நான் எங்கயும் போகல.

டீச்சர்: அண்ணே, மாட்டிக்கிட்டோம்.

அண்ணன்: மெதுவா பேசு! என்ன மாட்டிக்கிட்டோம்? அதிர்ஷ்டம் கதவைத் தட்டி நிக்குது. ஆமா, உங்க பொண்ணு இங்கதான் படிக்குதுனு சொல்லு. நாளையில இருந்து நீங்களே கொண்டுவந்து விடுங்கனு சொல்லு. முதல் பிள்ளை கிடைச்சாச்சு! திங்கக்கிழமையாவது, கிடங்காவது.

டீச்சர்: அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனதும் என்ன ஆகும்?

அண்ணன்: என்ன ஆகும்?

டீச்சர்: 'டியூஷனுக்குப் போனியாமே'னு இவங்க ஆசையா கேப்பாங்க. அது 'நான் போகலையே'னு முழிக்கும். 'டீச்சரே சொன்னாங்க, எங்கடி போய்ச் சுத்திட்டு வந்தே'னு ஆரம்பிக்கும். ஏற்கெனவே வாயைத் தொறக்காத பிள்ளையாம். கண்ணால கூடப் பாக்காத பிள்ளைக்கு நான் குடுக்கற முதல் பாடம் அதுவாண்ணே? சொல்லு.

அண்ணன்: உண்மையைச் சொன்னா அந்தம்மா ஊர் பூரா சொல்லுவாங்க. பஸ் ஓட்டறவங்க வேற. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நம்ம கதைதான் ஏறி இறங்கும். என் கடைக்கும் ஆள் வராது.

டீச்சர்: கடை போயிடுமேனு எனக்கும் பயமாத்தான் இருக்கு. வேணாம்னு நீ சொல்லு, நான் வாயைத் தொறக்கல.

அண்ணன்: ...என்னை ஏன் கேக்கற?

டீச்சர்: உன் கடைண்ணே.

அண்ணன்: போ. போய்ச் சொல்லு. முதல் கோணல் முற்றும் கோணல்னு சும்மாவா சொன்னாங்க. போ, நான் மனசு மாறறதுக்குள்ள போ.

டீச்சர்: அம்மா...

டிரைவரம்மா: வந்துட்டீங்களா? கணக்கு போட்டுக் குடுத்தாச்சா?

டீச்சர்: உங்க பொண்ணு இங்க இல்லம்மா.

டிரைவரம்மா: இல்லையா? போயிட்டாளா?

டீச்சர்: வரவே இல்ல. அவ மட்டும் இல்ல, யாருமே இல்ல. இந்தச் செருப்பெல்லாம் கீழ எங்க அண்ணன் கடைக்கு ரிப்பேருக்கு வந்தது. டியூஷன் நிறைஞ்சு வழியுதுனு ஜனங்க நினைக்கணும்னு சாயங்காலமானா கொண்டுவந்து பரப்பி வெக்கிறோம். உங்க பொண்ணு ஷூவும் அப்படி வந்ததுதான். வீட்டுக்குப் போய் அவளைத் திட்டிடாதீங்க. அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. தப்பு எங்க மேல. கோவமா இருந்தா என்னைத் திட்டுங்க.

டிரைவரம்மா: அப்போ 'அரை, டீச்சர்'னு கத்துனது?

டீச்சர்: அது... எங்க அண்ணன்.

டிரைவரம்மா: சளி பிடிச்ச பிள்ளை?

அண்ணன்: நான்தாம்மா. வணக்கம். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. இவ ஆரம்பத்துலயே வேணாம்னா. நான்தான் கேக்கல.

டீச்சர்: நீ சும்மா இருண்ணே. தூக்கிட்டு வந்தது நீ, பரப்பி வெச்சது நான்.

அண்ணன்: உங்க ஷூவுக்கு அடிப்பாகம் மட்டும் ஒட்டணும்மா. இப்பவே ஒட்டித் தந்துடறேன். காசு வேணாம்.

டிரைவரம்மா: அதை விடுங்க. டீச்சர், ஒண்ணு கேக்கறேன். எதுக்கு இப்படி? நல்லா சொல்லித் தர்றவங்கதானே நீங்க?

டீச்சர்: அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். ஸ்கூல் இருந்த வரைக்கும் பிள்ளைங்க தானா வந்து உக்காந்துச்சுங்க. பிள்ளைங்களைத் தேடிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா. கடைக்காரங்ககிட்டப் போய் 'எனக்கு ஒரு பிள்ளை அனுப்புங்க'னு கேக்க நாக்கு வரல. நாலு வீட்ல கேட்டேன். 'இப்ப எத்தனை பேரு உங்ககிட்டப் படிக்கிறாங்க'னு எல்லாரும் அதைத்தான் முதல்ல கேட்டாங்க. யாரும் இல்லைனு சொன்னதும், யோசிச்சுச் சொல்றோம்னாங்க.

அண்ணன்: யோசிச்சிட்டே இருக்காங்க.

டீச்சர்: திங்கக்கிழமை கிடங்குல வேலைக்குச் சேரப் போறேன். பெட்டி கட்டுற வேலை. தப்பான வேலையில்ல... ஆனா, கரும்பலகை முன்னாடி நின்ன கை. மனசு கேக்கல, அவ்வளவுதான்.

டிரைவரம்மா: என் பொண்ணு உங்ககிட்ட வந்தா எப்படி ஆரம்பிப்பீங்க?

டீச்சர்: ...வந்தாவா?

டிரைவரம்மா: ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். பேசாத பிள்ளை. பெரிய பெரிய டியூஷன் மூணுல சேத்துப் பாத்துட்டேன். எல்லா எடத்துலயும் கூட்டம். கடைசி வரிசையில போய் உக்காந்துக்குவா. தப்பா சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களேனு சொல்லவே மாட்டா. அவ ஒருத்தி அங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது. மாசக் கடைசியில பாத்தா ஒண்ணுமே புரிஞ்சிருக்காது.

டீச்சர்: பேசச் சொல்ல மாட்டேன்.

டிரைவரம்மா: பின்ன?

டீச்சர்: பக்கத்துல உக்காந்துக்குவேன். அவ எழுதட்டும். தப்பா எழுதுனா தப்புனு சொல்ல மாட்டேன். 'இதை ஏன் இப்படிப் போட்டே?'னு மட்டும் கேப்பேன். தப்பா போட்டாலும் பிள்ளைங்ககிட்ட ஒரு காரணம் இருக்கும்மா. அந்தக் காரணம் என்னனு தெரிஞ்சுட்டா பாதிக் கணக்கு முடிஞ்ச மாதிரி. பதில் வரலைனா வர்ற வரைக்கும் உக்காந்திருப்பேன்.

டிரைவரம்மா: ரொம்ப நேரம் ஆகுமே.

டீச்சர்: எங்கிட்ட வேற என்ன இருக்கு? நேரம்தான் கொட்டிக் கிடக்கு.

டிரைவரம்மா: அந்த நேரம்தான் டீச்சர் எனக்கு வேணும். காசு குடுத்து எங்கயும் கிடைக்காத சாமான் அது.

டீச்சர்: நிஜமாவா சொல்றீங்க?

டிரைவரம்மா: ஆனா ஒரு கண்டிஷன். அவ இருக்கற நேரத்துல வேற பிள்ளை கூடாது. அவ ஒருத்திதான். முடியுமா?

அண்ணன்: முடியுமாவா! நான் வேணா வீட்டை விட்டே போயிடறேன்.

டீச்சர்: முடியும்மா. முடியும். அண்ணே, முதல்ல அந்த நாற்காலியைக் கொண்டாந்து போடு. இவ்வளவு நேரம் வாசல்லயே நிக்க வெச்சுட்டேன்.

டிரைவரம்மா: நாள் பூரா உக்காந்தே ஓட்டறவ, நிக்கறேன் விடுங்க. எங்க டிப்போல மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு. அவருக்கு ரெண்டு பிள்ளைங்க, கணக்குல ரெண்டுமே முட்டை. நல்ல டீச்சர் இருந்தா சொல்லுனு என் உயிரை வாங்கறாரு. சொல்லட்டுமா? வேற நேரத்துக்கு வரச் சொல்றேன். என்ன டீச்சர், கண்ணைத் துடைக்கறீங்க?

அண்ணன்: அழுவுது. அது பாட்டுக்கு அழுவட்டும், நீங்க சொல்லிடுங்க. மெக்கானிக்கை வரச் சொல்லுங்க.

டீச்சர்: எங்க வயித்துல பாலை வார்த்தீங்கம்மா. நான் செஞ்சதுக்கு நீங்க ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிருந்தாக்கூட நியாயம். இந்த நன்றியை நான் எப்படி...

டிரைவரம்மா: நன்றியெல்லாம் நான் சொல்லணும். சும்மா இருங்க.

அண்ணன்: அப்போ நான் திங்கக்கிழமை கிடங்குக்கு ஃபோன் பண்ணி...

டீச்சர்: திங்கக்கிழமை எதுக்கு, இப்பவே பண்ணு.

அண்ணன்: பாத்தீங்களா, அதுக்குள்ள அதிகாரத்தை! இப்ப ஒத்துக்கோ. செருப்பு வெச்சதுனாலதானே இவங்க வந்தாங்க? கூட்டத்தைப் பாத்துதான் கூட்டம் வரும்னு நான் சொல்லல?

டிரைவரம்மா: உங்க கடைக்கு எப்படியோ. பஸ்ஸுக்கு அப்படி இல்லீங்க. படியில தொங்கிட்டு வர்ற பஸ்ஸைப் பாத்தா ஸ்டாப்புல நிக்கறவங்க கையைக் கூட நீட்ட மாட்டாங்க. அடுத்ததுல போய்க்கலாம்னு நின்னுடுவாங்க.

அண்ணன்: அதுவும் சரிதான்...

டீச்சர்: அம்மா, எனக்கு ஒண்ணுதான் புரியல. பொண்ணு உள்ள இருக்கானு அவ்வளவு நம்பி வந்தீங்க. இல்லைனு நான் சொன்னதும் உங்க முகம் வாடவே இல்லையே. கோவம் கூட வரல. ஏன்?

டிரைவரம்மா: நம்பி வந்தேனா? அந்த ஷூவைக் காலையில எங்க வீட்டுக்காரர்கிட்டக் குடுத்து இவர் கடைக்கு அனுப்பினதே நான்தான். நீங்க ஒரு வார்த்தை 'ஆமா, உங்க பொண்ணு நல்லா படிக்கிறா'னு சொல்லியிருந்தா ஷூவைத் தூக்கிட்டுப் பேசாம இறங்கியிருப்பேன்... போர்டைப் பாத்துட்டு இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இந்தப் படி ஏறிட்டேன் டீச்சர். ரெண்டு தடவையும் வாசல் நிறையச் செருப்பு. ஐயோ, இங்கயும் கூட்டமா, இங்கயும் என் பொண்ணு கடைசி வரிசையானு திரும்பிப் போயிட்டேன். இன்னிக்குக் கடையில ஆளைக் காணோமேனு மேல தேடிட்டு வந்தா, அந்தக் கூட்டத்துல அவ ஷூவும் கிடக்கு. அவ எங்கூட வந்து, கால்ல வீட்டுச் செருப்போட கீழ் படியில உக்காந்திருக்கா. அப்பதான் இதெல்லாம் ரிப்பேருக்கு வந்த செருப்பு, உள்ள பிள்ளைங்க யாருமே இல்லைனு தெரிஞ்சுது... சந்தோஷம் தாங்காமத்தான் மணியடிச்சேன். கூப்பிடட்டுமா?